கொழுக்கட்டைப் புல்லும் கொரங்காடும்: ஒரு மேய்ச்சல் நிலம் எப்படி நிலைக்கிறது

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் சித்திரை வெயிலில் பயணம் செய்தால் சாலையின் இரு பக்கமும் கிளுவை வேலிகள் தெரியும். வேலிக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் வெள்வேல மரங்கள், அவற்றுக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் காய்ந்து நிற்கும் புல் தூர்கள். அறியாதவர் கண்ணுக்கு அது தரிசு. அங்கே வாழ்பவர்களுக்கு அது கொரங்காடு: காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் தலைமுறைகளாக வயிறு நிரப்பிக்கொள்ளும் இடம். அந்தக் காய்ந்த தூர்களில் பெரும்பாலானவை கொழுக்கட்டைப் புல். செங்க்ரஸ் சிலியாரிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர்.

இந்தப் புல்லைப் பற்றி இரண்டு எதிரெதிர் கருத்துகள் உலவுகின்றன. வறண்ட நிலத்துக்கு இதைவிட நல்ல தீவனம் இல்லை, விதையைத் தூவினால் போதும் என்பது ஒன்று. உலகின் மோசமான களைகளில் ஒன்று என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. எது உண்மையாகும் என்பதை அந்தப் புல் நிற்கும் இடமே முடிவு செய்கிறது. அதனால் புல்லைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் வைத்துப் பேசினால் இரண்டுமே விளங்காது.

அடையாளம்

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் புல். தூர்தூராக வளரும், ஒரு முழம் முதல் இடுப்பளவு வரை உயரும். இலை நீலம் கலந்த பச்சை, அகலம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் சவ்வுக்குப் பதில் மெல்லிய மயிர் வரிசை இருக்கும். கதிர் 2 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், நரிவால் போன்ற வடிவம், ஊதாவிலிருந்து வெளிர் சாம்பல் வரை பல நிறம்.

உறுதியான அடையாளம் கதிரில் உள்ள விதைக் கூட்டில் இருக்கிறது. ஒன்று முதல் நான்கு சிறு கதிர்கள் ஒரு தூவிக் கொத்துக்குள், அதாவது மயிர் போன்ற இழைகளின் கொத்துக்குள், பொதிந்திருக்கும். அந்தத் தூவிகள் அடிப்பகுதியில் மட்டும் ஒட்டியிருக்கும். உள்வரிசைத் தூவிகளில் நுண்மயிர் உண்டு. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருக்கும். இதற்கு நெருங்கிய உறவான செங்க்ரஸ் செட்டிஜெரஸ் புல்லில் தூவிகள் தட்டையாக, விறைப்பாக, அடியில் கிண்ணம்போல் இணைந்திருக்கும்; மயிர் இருக்காது. ஓட்டன் புல்லையும் இதையும் தூரத்திலிருந்து குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஓட்டன் புல்லின் கதிர் துணியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், எளிதில் விடாது. கொழுக்கட்டையின் தூவி மென்மையானது, கால்நடையின் வாயைக் குத்தாது. ஆட்டின் தோலுக்குள் துளைத்துப் போகும் ஊசிப்புல்லோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ரகம் நீலக் கொழுக்கட்டை என்று அழைக்கப்படுகிறது. அதைச் செங்க்ரஸ் கிளாக்கஸ் என்று தனி இனமாகக் குறிப்பிடுகிறார்கள். தீவனத்துக்காக விதை வாங்குபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். கொரங்காட்டில் தானாக நிற்கும் புல்லும் இதுவும் ஒன்றே என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வறட்சியில் பிழைக்கும் விதம்

இயற்கையில் இது ஆப்பிரிக்கா முழுவதிலும், அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் பரவியிருக்கிறது. ராஜஸ்தானில் தாமண், அஞ்சன் என்ற பெயர்களில் அறியப்படுகிறது. ஆண்டு மழை 300 மில்லிமீட்டர் உள்ள இடத்திலும் தாக்குப்பிடிக்கும்; 375 முதல் 750 வரை இருந்தால் நன்றாக வளரும். கொங்கு வறண்ட பகுதியின் சராசரி 600 மில்லிமீட்டரை ஒட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் அங்கே வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில்.

இந்தக் காலக்கணக்குக்கு இந்தப் புல் பொருந்துவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது வேர்: தளர்வான மண்ணில் 2 மீட்டருக்கும் கீழே போகும். இரண்டாவது, தண்டின் அடிக்கணுக்கள் தடித்து மாவுச்சத்தைச் சேமிக்கும். மேலே எல்லாம் காய்ந்து போனாலும் நல்ல மழை ஒன்று விழுந்தால், இலையின் உதவியில்லாமல் அந்தச் சேமிப்பை வைத்தே சில நாட்களில் தளிர் விடும். மூன்றாவது, சோளம், கம்பு போல இதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்வது. 35 டிகிரி வெப்பத்திலும் சுறுசுறுப்பாக வளரும். ஒரு கிலோ உலர்பொருளை உண்டாக்க நெல் போன்ற பயிருக்குத் தேவைப்படும் நீரில் ஏறத்தாழ பாதி இதற்குப் போதும்.

மூன்றிலும் மேய்ச்சல்காரர் மனத்தில் வைக்க வேண்டியது இரண்டாவதை. அடிக்கணுதான் புல்லின் கையிருப்பு. ஆடு அந்தக் கணு வரை கரம்பிவிட்டால், அடுத்த மழைக்கு அந்தத் தூர் எழுவது வேரில் மிஞ்சியதைக் கொண்டுதான். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் தூர் நடுவில் உள்ளீடற்றுப் போகும். வட்டமாக ஓரத்தில் மட்டும் தளிர் விட்டு, நடுவே கறுத்த கட்டை தெரியும் தூர்களைப் பார்த்தால் அந்தக் காடு ஓராண்டாவது ஓய்வு கேட்கிறது என்று பொருள்.

இந்தப் புல் தாங்காதவையும் உண்டு. நீர் தேங்கினால் அழுகும், அதிலும் இளம் நாற்று சில நாள்கூடத் தாங்காது. கனத்த களிமண்ணில் விதை முளைத்து மேலே வருவது கடினம். அமில மண்ணில் கரையும் அலுமினியம் இதற்கு ஒவ்வாது. கொங்குப் பகுதியின் சரளை கலந்த செம்மண்ணும், சுண்ணாம்பு முடிச்சுகள் உள்ள மணற்பாங்கான மண்ணும் இதற்கு இசைவாக அமைந்தது தற்செயல் இல்லை.

இனப்பெருக்கத்தில் ஒரு விசேஷம். பெரும்பாலான கொழுக்கட்டைச் செடிகளில் கருமுட்டை கருவுறாமலே முளைக்கரு உருவாகிறது. விதையிலிருந்து வருவது தாய்ச் செடியின் அச்சு அசல் நகல். நல்ல தூர் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் விதையை எடுத்தால் அதே குணம் கிடைக்கும் என்பது நன்மை. ஒரே நகலைப் பெரும் பரப்பில் பரப்பினால் ஒரு நோய்க்கு எல்லாம் சேர்ந்து பலியாகும் என்பது ஆபத்து. கென்யாவின் துர்க்கானாப் பகுதியிலிருந்து வந்த ஒரு வகையை 1946-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் வெளியிட்டு, அங்கும் வட மெக்சிகோவிலும் பரப்பினார்கள். 1990-களில் குலை நோய்ப் பூஞ்சை அங்கு தாக்கியபோது இந்த ஒற்றைத்தன்மை பெரிய பலவீனமாகத் தெரிந்தது. கொரங்காடுகளில் அடுத்தடுத்த காடுகளிலேயே கதிரின் நிறமும் தூரின் உயரமும் வேறுபடுவதைப் பார்க்கலாம். அந்த வேற்றுமையை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ஒரே ரகத்தை விதைப்பது நல்லதல்ல என்றே தோன்றுகிறது.

வேலி, மரம், புல், மந்தை

கொரங்காடு தனியார் பட்டா நிலம். ஊர்ப் பொதுவான மேய்க்கால் புறம்போக்கு வேறு, இது வேறு. சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் உயிர்வேலியால் அடைத்திருப்பார்கள். வேலிக்கு முள்கிளுவை. இலை உதிர்ந்து நிற்கும் காலத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள போத்துகளை ஆள் மார்பளவுக்கு வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைத்திருந்து, ஓரடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றுவார்கள். வெட்டிய ஈரத்தோடு நட்டால் அடி அழுகும். வேர் பிடித்து கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. கம்பிவேலியும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் ஆடிக் காற்றைத் தடுத்து நிறுத்துவது கிளுவையால் மட்டுமே முடியும். வேலியடியில் மண் குவிவதையும், அந்த ஓரத்தில் புல் கடைசியாகக் காய்வதையும் கவனித்தால் இது புரியும். பாம்பு, கீரி, கௌதாரி, காடை எல்லாம் அந்த வேலியில்தான் குடியிருக்கின்றன.

வெள்வேலம் இந்த ஏற்பாட்டின் கோடைப் பகுதி. கொழுக்கட்டையின் இளம் தளிரில் புரதம் உலர்பொருளில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்; கதிர் முற்றிக் காய்ந்ததும் 5 அளவுக்கு இறங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் குறைந்தது 7 விழுக்காடு புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் வயிறு நிறைய வைக்கோல் இருந்தாலும் மாடு மெலியும். அந்த நேரத்தில்தான், பங்குனி தொடங்கிக் கோடை முழுவதும், வெள்வேலங்காய் முற்றி விழுகிறது. புரதம் மிகுந்த அந்தக் காயைக் காய்ந்த புல்லோடு தின்னும்போது புல்லும் செரிக்கிறது. மரத்தின் இலை நுண்ணியது, நிழல் சல்லடை நிழல். அதன் அடியிலும் புல் நிற்கும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் அப்படி நிற்காது. மரங்கள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ‘முள்மரம்’ என்று சேர்த்தே அழித்துவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

புல்லுக்கு இடையே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற பயறுவகைக் கொடிகள் படரும். தழைச்சத்து அவற்றால் மண்ணுக்குக் கிடைக்கிறது. ஆடு அவற்றை விரும்பித் தேடித் தின்னும். கொழிஞ்சியைப் பச்சையாக ஆடு தொடாது. அதனால் கொழிஞ்சி பெருகும் காட்டில் மற்றதெல்லாம் அளவுக்கு மீறி மேயப்பட்டிருக்கிறது என்று கணிக்கலாம்.

மந்தை விடும் முறையில்தான் கொரங்காட்டின் அறிவு முழுதும் அடங்கியிருக்கிறது. ஐப்பசி மழையில் புல் தளிர்த்ததும் திறந்துவிடக் கூடாது. புல் ஒரு சாண் உயரம் வரும்வரை அடைப்பு. ஆண்டுதோறும் ஒரு துண்டையாவது கதிர் முற்றி விதை உதிரும்வரை விட்டுவைக்க வேண்டும். முதலில் எருமையும் மாடும். நாக்கால் சுருட்டி உயர்ந்த புல்லை அவை எடுக்கும். பிறகு ஆடு, உதட்டாலும் பல்லாலும் தரையோடு ஒட்டக் கத்தரிக்கும். வரிசையை மாற்றி ஆட்டை முதலில் விட்டால் மாட்டுக்குப் பிடிக்கப் புல் இருக்காது. ஆட்டை வெளியேற்ற வேண்டிய நேரம் நாலு விரல்கடை அடிக்கட்டை மிஞ்சும்போது. அதற்குக் கீழே இருப்பது அடுத்த மழைக்கான கையிருப்பு.

எவ்வளவு நிலத்துக்கு எத்தனை மாடு? சுமாராகக் கணக்குப் போடலாம். நன்றாக இருக்கும் காட்டில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் உலர்புல் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியை விட்டுவைத்தால் மேய்ச்சலுக்கு 600 கிலோ. 320 கிலோ எடையுள்ள பசு தன் எடையில் இரண்டரை விழுக்காடு, நாளுக்கு 8 கிலோ உலர்பொருள் தின்னும். ஓர் ஏக்கர் 75 நாளுக்கு வரும். நாலு ஏக்கர் 300 நாளுக்கு. மீதிக்குச் சோளத்தட்டு வேண்டும், மழை பொய்த்த ஆண்டில் இன்னும் கூடுதலாக. நாலு ஏக்கரில் நாலு பசு வைத்துவிட்டு ‘புல் போய்விட்டது’ என்பதில் பொருளில்லை.

இன்னொரு எச்சரிக்கை: கொழுக்கட்டையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு. மேய்ந்து பழகிய மாட்டுக்கு இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை. வயிற்று நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். பட்டினி கிடந்த ஆடுகளை மழைக்குப் பிந்தைய இளந்தளிரில் திடீரென்று விட்டால் நஞ்சேறலாம். முதல் சில நாட்கள் காலையில் உலர்தீவனம் கொடுத்துவிட்டுக் குறைந்த நேரம் மட்டும் மேயவிட வேண்டும். குதிரைக்கு இந்தப் புல்லையே முழுத்தீவனமாக வைத்தால் கால்சியம் குறைந்து முக எலும்பு பருக்கும்.

புதிதாக விதைத்தால்

விதை சேகரிப்பில் பொறுமை வேண்டும். ஒரே கதிரிலும் விதைக் கூடுகள் ஒன்றாக முற்றுவதில்லை. விரல்களால் மெதுவாக உருவினால் முற்றியவை மட்டும் கையோடு வரும். வலுவாக இழுத்தால் பச்சையும் வந்து முளைப்பைக் கெடுக்கும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை உருவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையிலோ சாக்கிலோ வைக்க வேண்டும். புதிய விதை முளைக்காது. உறக்கம் தெளிய ஆறு மாதமாவது ஆகும். ஓராண்டு ஆனால் இன்னும் நல்லது. தையில் எடுத்த விதையைப் புரட்டாசியில் விதைப்பது இதற்குச் சரியாக அமைகிறது. விதையைத் தூவிவிட்டு ‘போலி விதை’ என்று நொந்துகொள்பவர்களில் பலர் அவசரப்பட்டவர்கள்.

மானாவாரிக்குப் புரட்டாசி மழைக்குச் சற்று முன் விதைக்கலாம். எக்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு மூன்று கிலோ அளவு. தூவியுள்ள விதை விதைப்பான் கருவியில் சிக்கும். கையால் வீசினால் காற்றில் பறக்கும். மூன்று நாலு பங்கு ஈரமணலோடு பிசைந்து வீசுவதே எளிது. ஆழம் ஒரு சென்டிமீட்டர் போதும். கலப்பை போட்டு மூடினால் விதை போய்ச் சேருவது மூன்று விரல் ஆழத்துக்கு, அங்கிருந்து முளை மேலே வராது. முள்கொம்பை இழுத்து மூடுவதுதான் பொருத்தமான வழி. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும் இடமென்றால் களிமண்ணும் சாணியும் கலந்து விதையை உருண்டை பிடித்துப் போடலாம்.

சிறு பரப்புக்குத் தூர் பிரித்து நடுவது உறுதியானது. மழையில் நனைந்த தூரைத் தோண்டி, மேல் இலையை வெட்டி, இரண்டிரண்டு வேர்க்கட்டைகளாகப் பிரித்து, 50 சென்டிமீட்டர் வரிசையில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 27,000 குழி என்பதால் நாற்றுக்கும் ஆளுக்கும் முன்கூட்டியே திட்டமிடாமல் இறங்கக் கூடாது. முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனத்தை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து விதைத்தால் கோடையில் புரதக் குறைவு கொஞ்சம் ஈடாகும்.

முதல் ஆண்டு மேய்ச்சல் கூடவே கூடாது. இளந்தூரின் வேர் ஆழம் போகாத நிலையில் மாடு இழுத்தால் செடியே பிடுங்கிக்கொண்டு வரும். அறுத்துப் போடலாம்: விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்பு, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு. விதைத்த காடுகள் தோற்பதற்கு வறட்சியைவிட முதல் ஆண்டிலேயே திறந்துவிட்டதே கூடுதல் காரணமாக இருக்கிறது.

இதே புல், வேறு மண்

அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோராவிலும் உள்ள பாலைவனத்துக்கு இந்தப் புல் தீவனமாகவும் மண்ணரிப்புத் தடுப்பாகவும் கொண்டுபோகப்பட்டது. அங்கே உள்ள சகுவாரோ கள்ளி பல பத்தாண்டுகள் வளர்ந்து பெரிதாகும் தாவரம். செடிக்கும் செடிக்கும் இடையே வெறும் மண் கிடப்பதுதான் அந்தப் பாலைவனத்தின் இயல்பு. தீப்பிடித்தாலும் பரவ வழி இருக்காது. கொழுக்கட்டை அந்த வெற்றிடங்களை நிரப்பியது. காய்ந்ததும் தொடர்ச்சியான எரிபொருளாகிறது. தீ வந்தால் கள்ளி சாகிறது, புல்லோ அடிக்கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. 2005-ல் அரிசோனா அதைத் தீங்கான களையாக அறிவித்தது. சகுவாரோ தேசியப் பூங்காவில் தன்னார்வலர்கள் கடப்பாரையால் தூர் தூராகப் பிடுங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு இது 19-ம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களின் திணிப்பில் ஒளிந்து போனது. பிறகு வேண்டுமென்றே விதைத்துப் பரப்பினார்கள். இன்றும் குவீன்ஸ்லாந்து மாட்டுப் பண்ணையாளருக்கு அது செல்வம், மத்திய ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தாவரங்களுக்கு அச்சுறுத்தல்.

ஆழ வேர், கணுச் சேமிப்பு, நகல் விதை என்று நாம் போற்றும் அதே குணங்கள்தான் அங்கே தீங்கு செய்கின்றன. கொங்கில் கோடைக்குள் புல்லைத் தின்று முடிக்க மந்தை இருக்கிறது. இந்தப் புல்லோடு சேர்ந்தே வாழ்ந்து பழகிய மரமும் செடியும் இருக்கின்றன. அதற்காக இந்தியாவுக்குள் எங்கும் விதைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீலகிரி, ஆனைமலைச் சோலைப் புல்வெளிகளுக்கு அவற்றுக்கே உரிய புல்லினங்கள் உண்டு. கொழுக்கட்டைக்கு அங்கே வேலை இல்லை.

கொரங்காடு இன்று சுருங்குவதற்குப் புல் காரணமில்லை. பட்டா நிலம் என்பதால் மேய்க்கால் புறம்போக்கைக் காக்கும் விதிகள் இதற்குப் பொருந்துவதில்லை. மனையாக, ஆலையாக, சூரியமின் பூங்காவாக விற்பதற்குத் தடையில்லை. கணக்கில் இது பெரும்பாலும் பயன்படாத நிலமாகவே நிற்கிறது. உழவு மாட்டுக்குத் தேவை குறைந்தபின் காங்கேயம் மாடும் குறைந்தது. மாடு இல்லாத காட்டில் வேலியைப் பராமரிக்க ஆள் இல்லை. வேலி விழுந்த இடத்தில் சீமைக்கருவேலம் நுழைகிறது. வெளி ஆட்டின் எச்சத்தில்தான் அதன் விதை பெரும்பாலும் வருகிறது.

அப்படிக் கெட்ட காட்டை மீட்க நினைப்பவர்கள் முதலில் எந்திரத்தை அழைக்காமல் மழைக்குப் பிறகு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஓர் எட்டு எடுத்து வைக்கும் தூரத்துக்கு ஒரு கொழுக்கட்டைத் தூராவது உயிரோடிருந்தால் விதைப்புத் தேவையில்லை. வேலியைச் சரிசெய்து, இரண்டு மழைக்காலம் அடைத்துப்போட்டு, விதை உதிரவிட்டால் தானாக நிரம்பும். தூர்கள் அதைவிட விலகியிருந்தால் இடைவெளிகளில் மட்டும் விதைக்கலாம். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் வேர்க்கழுத்திலிருந்து புதராகக் கிளைக்கும். மண்ணைத் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஓரடி ஆழத்தில் வெட்டி எடுக்க வேண்டும். காடு முழுவதையும் புரட்டிப்போட்டால் உயிரோடிருக்கும் தூர்களும் போய்விடும், மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல விதையெல்லாம் ஒரே மழையில் முளைத்துவிடும். மரம் எடுத்த குழிகளை மூடி, அந்தத் தளர்ந்த மண்ணிலேயே கொழுக்கட்டைத் தூர்களை ஊன்றி, அடுத்த இரண்டு ஆண்டுகள் புரட்டாசியிலும் மார்கழியிலும் சீமைக்கருவேல நாற்றுகளைக் கையால் பிடுங்கினால் போதும்.